பேய் மாதத்து டப்பாக்கள்

செப்டம்பர் 24, செவ்வாய்

காலை ஐந்து மணிக்கு எழுந்து பாண்டா செய்தேன்.

சோற்றை உருட்டித் தலை. கடற்பாசித் தாளை வெட்டிக் காது, கண். அதுவரைக்கும் சரி. சூடான சோற்றின் மேல் வைத்ததும் தாள் சுருங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. பரவாயில்லை, கண்ணடிக்கிற பாண்டா என்று வைத்துக்கொள்ளலாம். வாய்தான் வரவில்லை. என் மனைவி சயோ சின்னதாக ஒரு வளைவு வெட்டி ஒட்டுவாள், பாண்டா சிரித்துவிடும். நான் வெட்டியதெல்லாம் மீசையாகவே வந்தது. நாலு மீசை வீணான பிறகு, தெரிந்ததைச் செய்வோம் என்று மீனை அரைத்து அவித்த வெள்ளைக் கட்டியைச் சீவிப் பல் வைத்தேன்.

பதினாறு வருஷமாக லேபில் பல் செட் செய்கிறேன். பல் என்று உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. மேல் வரிசை பதினாலு, கீழ் வரிசை பதினாலு. கோரைப்பல்லுக்கு மட்டும் முட்டைக்கருவைத் தொட்டு லேசாக மஞ்சள் கொடுத்தேன். இயற்கையாக இருக்க வேண்டுமே.

சுமிரே தூக்கக் கலக்கத்தோடு வந்து டப்பாவின் மேல் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அப்பா, இது ஏன் என்னைச் சாப்பிடப் பாக்குது?”

ஐந்து வயசுக்கு இவ்வளவு கூர்மையான கேள்வி தேவையா?

சயோ ஆஸ்பத்திரியில் சேர்ந்து இன்றோடு ஆறு நாள். குழந்தைக்கு இருபத்தேழு வாரம்தான் ஆகிறது, அதற்குள் வரப் பார்க்கிறது. முப்பத்து நாலாவது வாரத்தையாவது தாண்டியாக வேண்டும், அதுவரை படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை சுமிரேவின் பள்ளிச் சாப்பாட்டு டப்பா என் பொறுப்பு. செவ்வாய், வியாழன், வெள்ளி. வாரத்துக்கு மூன்று மிருகம்.


செப்டம்பர் 26, வியாழன்

மழலையர் பள்ளி வாசலில் ஒகினோ டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பெண். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் அவர் குரல் இன்னும் இனிமையாகிவிடும்.

“சுமிரே அப்பா, ஒரு நிமிஷம்... செவ்வாக்கிழமை டப்பாவில வந்தது... அது என்ன மிருகம்ங்க?”

“பாண்டா.”

“ஓ.” கொஞ்சம் யோசித்தார். “பக்கத்துல உக்காந்திருந்த கென்சேய் அழுதுட்டான். இப்ப பாண்டா பொம்மை இருக்கிற மூலைக்கே போக மாட்டேங்கறான்.”

மன்னிப்புக் கேட்டேன். இன்றைய டப்பாவில் முயல் இருப்பதை அப்போது சொல்லவில்லை. முயலுக்கு இரண்டே பல்தான் வைத்தேன், சத்தியமாக. ஆனால் வேர் வரைக்கும் செதுக்கிவிட்டேன்.

இரண்டு டப்பாவும் அப்படியே திரும்பி வந்தன. ஒரு பருக்கை குறையவில்லை. டீச்சர் கடைசியில் சொன்னதுதான் மனசில் நிற்கிறது: அம்மா போன நாளிலிருந்து சுமிரே பள்ளியில் யாரோடும் பேசுவதே இல்லையாம்.


செப்டம்பர் 27, வெள்ளி

இன்று மிருகம் எதுவும் இல்லை. சோறு, சுட்ட சால்மன், சுருள் ஆம்லெட், ப்ரோக்கோலி. பார்க்கவே நிம்மதியாக இருந்தது. அதுவும் திரும்பி வந்தது.

“இது நல்லாத்தானே இருக்கு? ஏன்டா சாப்பிடல?”

“இதுல யாருமே இல்ல.”

“யாரு இருக்கணும்?”

“அம்மா டப்பாவில யாராவது இருப்பாங்க. தனியா எப்படிச் சாப்பிடறது?”

குளியல் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பப் போய்விட்டேன்.


செப்டம்பர் 29, ஞாயிறு

பிரசவ வார்டுக்குள் குழந்தைகளை விடுவதில்லை. சுமிரேவை அடுத்த தெருவில் இபுகி வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். இபுகி சுமிரேவின் வகுப்பு.

சயோவுக்குப் பாண்டா படத்தைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. முதலில் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கட்டிலே குலுங்கியது. குழந்தையைக் கவனிக்கிற மெஷினுக்காக வயிற்றில் கட்டியிருந்த பெல்ட் நழுவி, மெஷின் கீ கீ என்று கத்தி, இச்சிகாவா என்கிற நர்ஸ் ஓடி வந்தார்.

“என்ன ஆச்சு? வலிக்குதா?”

சயோவால் பேச முடியவில்லை. கைபேசியை நீட்டினாள். நர்ஸ் பார்த்தார், சுவரைப் பிடித்துக்கொண்டார். சுதாரித்த பிறகு பெல்ட்டை இறுக்கிக் கட்டி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, “சார், இந்த மாதிரிப் படமெல்லாம் கொண்டுவந்தா மெஷின்தான் பயப்படும்” என்றார்.

“பல்லு எதுல செதுக்கின?” என்று சயோ கேட்டாள்.

“மெழுகுக் கத்தியில.”

“லேப் கத்தியா? ஐயோ தெத்சு, அது யார் வாய்க்குள்ள போனது?”

“யார் வாய்க்குள்ளயும் போகாது. மெழுகுக்குள்ளதான் போகும். இது புதுசு, உறை பிரிச்சது.”

மறுபடியும் கீ கீ.

வீட்டுக்கு வந்து, அம்மா பாண்டாப் படத்தைப் பார்த்துச் சிரித்ததைச் சுமிரேவிடம் சொன்னேன்: “அம்மாவ சிரிக்க வெக்கக் கூடாதாம். சிரிச்சா பாப்பா குதிச்சு வெளிய வந்துடுமாம்.” அவள் சிரிக்கவில்லை. களைப்பாக இருந்திருப்பாள்.


அக்டோபர் 1, செவ்வாய்

கரடி. பல் வைக்கவில்லை. வைக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! பொக்கை வாயோடு போய், பொக்கை வாயோடு திரும்பி வந்தது.


அக்டோபர் 3, வியாழன்

இபுகி அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். இந்தப் பக்கத்திலேயே டப்பா என்றால் அவர்தான். கடற்பாசி வெட்டும் பஞ்ச் மட்டும் முப்பது வைத்திருக்கிறார். எள்ளை நிமிர்த்தி நிறுத்தத் தனி இடுக்கி. முந்தாநாள் இபுகியின் டப்பாவில் முள்ளம்பன்றிக் குடும்பம் சுற்றுலா போயிற்றாம்.

இன்று பள்ளி வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். அறிவுரை வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“அந்தப் பாண்டா நீங்க செஞ்சதுதானே? இபுகி படம் வரைஞ்சு காட்டினா. பல்ல மட்டும் ஒரு பக்கம் முழுக்க வரைஞ்சிருந்தா.”

“மன்னிச்சுக்கங்க.”

“எதுக்கு? நாள்காட்டியப் பாருங்க சுமிரே அப்பா. அக்டோபர் பொறந்தாச்சு. ஹாலோவீன். இந்த மாசம் பூரா நாங்கல்லாம் பேய், பிசாசுன்னு செஞ்சு தலைய பிச்சுக்கணும். நான் என்ன பேய் செஞ்சாலும் பூனைக்குட்டி மாதிரியே வருது. உங்களுக்கு என்ன, பூனைக்குட்டி செஞ்சாலே பேய்தான்! முப்பத்தொண்ணாம் தேதி ஹால்ல எல்லாரும் வேஷம் போட்டுச் சாப்பிடப் போறாங்க. இது உங்க மாசம்.”

என் மாசம்! லேப் போகும் வழியெல்லாம் சைக்கிளில் சீட்டியடித்துக்கொண்டு போனேன்.


அக்டோபர் 8, செவ்வாய்

எகிப்து மம்மி. சாஸேஜின் மேல் சீஸ் பட்டைகளைச் சுற்றி, இரண்டு கண். பார்த்தால் குலை நடுங்கணும் என்று நினைத்துத்தான் செய்தேன்.

சுமிரே பார்த்தாள். “பாவம்ப்பா. இதுக்கு உடம்புக்கு என்ன?”

வேண்டாதபோது ஊரையே அழவைத்தேன். வேண்டும்போது பயம் வர மாட்டேன் என்கிறது. என் மம்மி வாகன விபத்துக் காப்பீட்டுப் பணம் கேட்டு வந்தவன் மாதிரி இருந்தான்.

சாயங்காலம் டப்பாவைத் திறந்தேன். மம்மி அப்படியே படுத்திருந்தான். மேலே டிஷ்யூவை நாலாக மடித்துக் கழுத்து வரை போர்த்தியிருந்தாள்.


அக்டோபர் 10, வியாழன்

ரத்தக்காட்டேரி. இந்த முறை சமரசம் இல்லை. சோற்று முகம், கடற்பாசி முடி, கெட்சப் ரத்தம், முழுப் பல் செட். பல்லை மட்டும் நேற்றே லேபில் சாப்பாட்டு இடைவேளையில் செதுக்கி, டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். கூட வேலை செய்கிற நாகுரா அக்கா மூடியைத் திறந்து பார்த்துவிட்டார்.

“யாருக்கு இது?”

“காட்டேரிக்கு.”

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். “கோரைப்பல்லு இவ்வளவு நீளமா வெச்சா வாய மூட முடியாதே. கீழ்வரிசையில இடம் விடு. பாவம், ராத்திரி பூரா ரத்தம் குடிக்கிறவன், தாடை வலிக்காதா?”

அவர் சொன்னது சரிதான். கீழ்வரிசையில் இரண்டு பல்லை உள்தள்ளினேன். காட்டேரி இப்போது வாயை மூடுவான்.


அக்டோபர் 11, வெள்ளி

மறுபடி ஒகினோ டீச்சர். மறுபடி இனிமையான குரல்.

“சுமிரே நேத்து காட்டேரியோட பல்ல எல்லாருக்கும் பங்கு போட்டுட்டா. ஆளுக்கு ஒண்ணு. ஒவ்வாமை உள்ள குழந்தைங்க இருக்காங்க, சாப்பாட்டப் பகிர்ந்துக்கக் கூடாதுன்னு விதி...”

“நான் சொல்லிடறேன். மன்னிச்சுக்கங்க.”

“யாரும் வாயில போடறதுக்குள்ள வாங்கிட்டேன். அது இல்ல நான் சொல்ல வந்தது.” சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சுமிரே பேசினா.”

“என்ன பேசினா?”

“‘வரிசையில வாங்க.’”

மூன்று வாரத்துக்கு அப்புறம் என் பெண் பள்ளியில் பேசிய முதல் பேச்சு. பல் கொடுக்கும்போது. நான் வாசலில் நின்று ஒரு மாதிரி சத்தம் போட்டேன். சிரித்தேனா என்னவென்று எனக்கே தெரியவில்லை. டீச்சர் டிஷ்யூ எடுத்து நீட்டினார்.


அக்டோபர் 15, செவ்வாய்

பல்லைக் கொடுக்கக் கூடாது என்றால் என்ன செய்வது? என் பெண் வழி கண்டுபிடித்திருக்கிறாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பல் ஆஸ்பத்திரி நடத்துகிறாள். பேயை டப்பாவிலேயே வாய் திறக்க வைத்து, குச்சியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டி, “வலிக்குதா? வலிச்சா கையத் தூக்குங்க” என்கிறாளாம். பேய்க்குக் கை இல்லாததால் கென்சேய் தூக்குகிறானாம். ஆமாம், அதே கென்சேய். நர்ஸ் வேலை அவனுக்கு.

சிகிச்சை முடிந்ததும் நோயாளியைச் சாப்பிட்டுவிடுகிறாள்.

டப்பா பாதி காலி!!


அக்டோபர் 19, சனி

சமூகக்கூடத்துச் சமையலறையில் இபுகி அம்மாவும் இன்னும் மூன்று அம்மாக்களும். பிள்ளைகள் எல்லாரும் தங்களுக்கும் பல் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்களாம். நான் பல் சொல்லித்தர வேண்டும், பதிலுக்கு இபுகி அம்மா எனக்குக் கண் சொல்லித்தருவார் என்று ஒப்பந்தம்.

இருபது நிமிஷம் பேசினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஐந்து நிமிஷம் மாதிரிதான் இருந்தது. கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஐந்து மேடு இருக்கும், மேல் பல்லில் நாலு, உணவு வழுக்கி வெளியே வர நடுவில் பள்ளம்...

ஒரு அம்மா கையைத் தூக்கினார். “இது... சாப்பிடறதுக்குத்தானே?”

கண் விஷயத்தில் எனக்கு ஞானம் பிறந்தது. சோறு ஆறின பிறகுதான் கடற்பாசியை ஒட்ட வேண்டும். இவ்வளவுதான். ஒரு மாசமாக என் மிருகங்கள் எல்லாம் கண்ணடித்துக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணம்.


அக்டோபர் 21, திங்கள்

சயோவுக்கு நேற்றிலிருந்து வலி வந்து வந்து போகிறது. மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். தலை சுற்றுகிறதாம், இன்று வீடியோவில் பேசவில்லை. அம்மாவுக்கு வலி என்று சுமிரேவிடம் சொன்னேன். ‘பயப்படாதே, டாக்டர் எதிர்பார்த்ததுதான்’ என்று செய்தி மட்டும் அனுப்பினாள்.

பயப்படாதேயாம்.


அக்டோபர் 22, செவ்வாய்

காலையில் ஒற்றைக்கண் பேய் தயாராக இருந்தது. இரண்டாவது கண் சுருங்க வாய்ப்பே இல்லாத பேய். சுமிரே பார்த்ததும் மூடியைப் போட்டு மூடினாள்.

“இது வேண்டாம். சிரிப்பு வராத டப்பா குடு.”

“ஏன்டா?”

வெறும் சோறு வைத்துக் கொடுத்தேன். வெறும் சோறு திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி நடக்கவில்லை. யாரோடும் பேசவில்லை. எல்லாம் முதலிலிருந்தா?


அக்டோபர் 23, புதன்

இப்போதுதான் புரிந்தது. குளிக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்.

“அம்மா என் டப்பாவப் பாத்துச் சிரிச்சதாலதானே பாப்பா வெளிய வரப் பாக்குது?”

நான் சொன்னது. நானே சொன்னது. சிரிச்சா குதிச்சு வெளிய வந்துடுமாம் — எவ்வளவு பெரிய நகைச்சுவை! நர்ஸ் மெஷினைப் பத்திச் சொன்னத நான் பாப்பாவப் பத்தி மாத்திச் சொல்லி... மூணு வாரமா அத உள்ளயே வெச்சுக்கிட்டு இருந்திருக்கா. நடுவில அவளே சிரிச்சிருக்கா, விளையாடியிருக்கா, அப்புறம் அம்மாவுக்கு வலின்னதும் எல்லாம் தன்னாலதான்னு... அடேய் தெத்சுயா, உனக்கு வாய்ல பல்லு மட்டும்தான் வைக்கத் தெரியும். வாயச் சும்மா வைக்கத் தெரியாது.

“இல்லடா, அப்பா சும்மா சொன்னேன், பொய்” என்றேன். நம்பவில்லை. பெரியவர்கள் பயந்தால் அப்படித்தான் சொல்வார்கள் என்கிற முகம்.

சயோவுக்கு எழுதினேன். உடனே பதில்: ‘நாளை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடு. மெஷின் போடும் நேரம்.’


அக்டோபர் 24, வியாழன்

சரியாக ஆறு மணி. திரையில் சயோ. கன்னம் ஒட்டியிருந்தது, ஆனால் தலை வாரியிருந்தாள். பின்னால் இச்சிகாவா நர்ஸ்.

“சுமிரே, நான்தான் அம்மாவப் பாத்துக்கற நர்ஸ். நான் சொன்னத உங்க அப்பா மாத்திச் சொல்லிட்டாரு.”

சுமிரே என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

“அன்னிக்கு அம்மா சிரிச்சதுல பெல்ட்டு கழண்டுச்சு. மெஷின் கத்துச்சு. அவ்வளவுதான். பாப்பாவுக்கும் சிரிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பாப்பா சீக்கிரம் வரப் பாக்கறதுக்குக் காரணம் அம்மாவோட உடம்பு, யாரும் எதுவும் பண்ணல. நம்ப மாட்டியா? சரி, சோதிச்சுப் பாத்துடலாம்.”

கைபேசியை மெஷின் பக்கம் திருப்பினார். காகிதத்தில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. டொக் டொக் டொக் என்று ஒரு குதிரை ஓடுகிற சத்தம்.

“என்ன அது?”

“அதான் பாப்பாவோட நெஞ்சு” என்று சயோ சொன்னாள். “இப்ப அம்மா சிரிக்கப் போறேன். நீ கோட்டப் பாரு. தெத்சு, எதையாவது காட்டு.”

என்னிடம் எதுவும் இல்லை. கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்தேன். அவசரத்தில் குளிர்பெட்டியிலிருந்து நாளைக்கு வைத்திருந்த பல் செட்டை எடுத்து என் உதட்டுக்குள் செருகிக்கொண்டேன். மீன் கட்டி ஜில்லென்றிருந்தது.

சயோ சிரித்தாள். நர்ஸ் இந்த முறை பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கோடு லேசாக நடுங்கி, மறுபடி தன் போக்கில் ஓடியது. குதிரையும் ஓடியது.

சுமிரே திரைக்கு மூக்கு படும் அளவு கிட்டே போய்ப் பார்த்தாள்.

“இன்னொரு தடவ சிரி.”

சிரித்தாள்.

“இன்னும் சத்தமா.”

மூன்று முறை சோதனை நடந்தது. பிறகு சுமிரே எழுந்து என்னிடம் வந்து, என் வாயைக் காட்டி, “அது நாளைக்கு எனக்குத்தானே? ஏன் எச்சில் பண்ணின?” என்றாள்.

புதுசாகச் செதுக்கினேன். பல் கொஞ்சம் கோணல்.


அக்டோபர் 25, வெள்ளி

கோணல் பல் பேய்க்கு அறுவை சிகிச்சை நடந்து, நோயாளியும் காலி. டப்பாவும் காலி.


அக்டோபர் 31, வியாழன்

இந்த நாளுக்காக மூன்று நாள் படம் போட்டிருந்தேன். பேய் மாளிகை. பூசணியில் சுவர், ஊதாச் சர்க்கரைவள்ளியில் கூரை, ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு பேய், எல்லாருக்கும் பல். நாலரைக்கு எழுந்தேன். சோற்றுக் குக்கரைத் திறந்தேன்.

அரிசி. தண்ணீர். அப்படியே. நேரம் வைத்தேனே தவிர பொத்தானை அழுத்தவில்லை.

அரிசியே இல்லாத வீட்டுக்காரன் மாதிரி நின்றேன். இப்போது போட்டாலும் வெந்து, ஆறி, ஒட்டி... ஆறணுமே! இபுகி அம்மா என்ன சொன்னார்? சட்டையைப் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடினேன். இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கிற கடை, அதற்காக இன்று முழு மனசோடு நன்றி சொன்னேன். முக்கோணச் சோற்று உருண்டை ஆறு வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் சுமிரே நாற்காலியில் ஏறி அடுப்பு மேடை முன்னால் நிற்கிறாள்.

“மாளிகை எங்க?”

“மாளிகை... இன்னிக்கு விடுமுறை. இதுதான் இருக்கு.”

ஒரு உருண்டையைக் கையில் எடுத்துத் திருப்பினாள். கடற்பாசியை உரித்தாள். “இது ஏற்கெனவே பேய் மாதிரிதான்ப்பா இருக்கு. படுக்க வை.”

அதற்குப் பிறகு நான் வேலைக்காரன். அவள் சொன்னாள், நான் செய்தேன். சுருள் ஆம்லெட் கட்டில். சீஸ் போர்வை. கட்டிலில் பெரிய வெள்ளைப் பேய் ஒன்று மல்லாந்து படுத்திருக்கிறது. பக்கத்தில் மருந்து ஏற்றும் கம்பி. நேற்றைய நூடுல் ஒன்றுதான் குழாய். புட்டிக்கு என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் அவள் சோயா சாஸ் இருக்கிற குட்டிப் பிளாஸ்டிக் மீனை எடுத்து நிறுத்திவிட்டாள்.

“வயித்துல ஓட்டை போடு.”

போட்டேன். உள்ளே இருந்த டூனா மீன் எட்டிப் பார்த்தது. அதை வழித்துவிட்டு வேகவைத்த காடை முட்டை ஒன்றை வைக்கச் சொன்னாள். முட்டைக்கு எள்ளில் இரண்டு கண், அவளே வைத்தாள், இடுக்கி இல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

“அம்மாப் பேய்க்குப் பல் வை. சிரிக்கணும். எல்லாப் பல்லும் தெரியணும்.”

வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல பல் வரிசை அதுதான். யார் வாய்க்கும் போகாத— இல்லை, போகும்.

என் வெள்ளை லேப் கோட்டைத் தரை புரள மாட்டிக்கொண்டு பேயாகக் கிளம்பினாள். சாயங்காலம் ஓடி வந்து காலி டப்பாவை என் முன்னால் ஆட்டினாள். உள்ளே பிளாஸ்டிக் மீன் மட்டும் லொடலொடத்தது.

“முட்டையையும் சாப்பிட்டியா?”

“கடைசியா. கடிக்காம மெதுவா.” வயிற்றைத் தட்டிக் காட்டினாள். “பாப்பா இப்ப என்கிட்ட இருக்கு. அம்மா கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்.”

ஒகினோ டீச்சருக்குக் கண் கலங்கியிருந்தது. சூனியக்காரித் தொப்பியோடு ஒருவர் அழுது இன்றுதான் பார்க்கிறேன்.


நவம்பர் 1, வெள்ளி

படத்தைச் சயோவுக்கு அனுப்பினேன். வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் போய் வந்ததாம். இச்சிகாவா நர்ஸ் பார்த்துவிட்டு, மருந்து ஏற்றும் குழாயைத் தப்பான கையில் போட்டிருக்கிறீர்கள் என்றாராம்.


நவம்பர் 7, வியாழன்

முப்பத்து நாலு வாரம்.


நவம்பர் 12, செவ்வாய்

சுமிரேவிடம் “இனிமே பேய் மாசம் முடிஞ்சுது, பாண்டா செய்யட்டுமா?” என்றேன். “உன் பாண்டாவா?” என்று கேட்டு, கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டாள்.


நவம்பர் 22, வெள்ளி

ஆண் குழந்தை. மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிஷம். இரண்டு கிலோ நானூறு. தானே மூச்சு விடுகிறான். தானே கத்துகிறான், நிறைய.

நான் லேபிலிருந்து அப்படியே ஓடியதில் ஒரு கையில் யாருடைய பிளாஸ்டர் தாடையோ இருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் அதையே பார்த்தார்கள்.


நவம்பர் 27, புதன்

நாகி என்று பெயர் வைத்தோம். அலையில்லாத கடல் என்று அர்த்தம். ஐந்து நாளாக அந்த வார்டில் ஒருவரும் கண் மூடவில்லை.


டிசம்பர் 3, செவ்வாய்

சயோவும் நாகியும் சனிக்கிழமை வந்துவிட்டார்கள். இன்று நான் எழுந்து வந்தபோது சயோ முந்திவிட்டிருந்தாள். தோளில் நாகியைப் போட்டுக்கொண்டு ஒரு கையால் கலைமான் செய்யப் பார்த்தாள். போய்ப் படு என்று விரட்டினேன். “நீ செஞ்சா அது என்னைத் திங்கப் பாக்கும்” என்றாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள்.

ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் தாத்தா செய்துகொண்டிருக்கிற நேரத்தில் சுமிரே வந்து பேய் வேண்டும் என்றாள்.

“டிசம்பர்லயா?”

“போன வெள்ளிக்கிழமை நீகாதாவிலேர்ந்து புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. ஷிஹோ. டப்பாவத் தொறக்கவே இல்ல. யார்கிட்டயும் பேசல. அவ பக்கத்துல உக்காரட்டுமான்னு டீச்சர்கிட்ட கேட்டேன். சரின்னுட்டாங்க.”

நான் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். “எப்படிப்பட்ட பேய்?”

யோசித்தாள். “ரொம்ப பயமா வேணாம். ஓடிடுவா. ரொம்ப அழகாவும் வேணாம். என்னன்னு கேக்கற மாதிரி.”

அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பேய். மூன்று முறை கலைத்துச் செய்தேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது பனி விழ ஆரம்பித்திருந்தது. டப்பாப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசலில் என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாள்.

சாயங்காலம் கூட்டிவரப் போனேன்.

“என்ன, பேசினாளா?”

“இல்ல.” ஷூவைப் போட்டுக்கொண்டே சொன்னாள். “ஆனா எட்டிப் பாத்தா. ரெண்டு தடவ. அப்புறம் அவ டப்பாவத் தொறந்தா.”